குழந்தை தூங்குகிறான், நீங்கள் ஏன் விழித்திருக்கிறீர்கள்?

உங்கள் நான்கு மாதக் குழந்தையைப் பற்றிய கடிதத்தில் ஏழு கேள்விகளுக்கு எண் போட்டு எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “அவன் தூங்கும்போதுகூட எனக்குத் தூக்கம் வருவதில்லை. மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.” ஒரு மாதமாக இப்படி என்கிறீர்கள். என் கண் நின்றது அந்த வரியில்தான்.

மற்றவற்றை முதலில் தள்ளிவிடலாம். நான்கு மாதத்தில் குப்புற விழாதது தாமதம் அல்ல. பின்தலையில் முடி கொட்டுவது மல்லாந்தே படுத்திருப்பதால், தானாக வளர்ந்துவிடும். விக்கலுக்கு வைத்தியம் தேவையில்லை. ‘அறிவு வளர்க்கும்’ வீடியோக்களை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

இன்னும் இரண்டு மாத விடுப்புதான் பாக்கி, ஒரு நாளும் உருப்படியாகப் போகவில்லை என்று வருந்துகிறீர்கள். இணையத்தில் பார்த்து, அரை மணிக்கு ஒன்றாக அட்டவணை போட்டிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளைப் பட அட்டை காட்டும் நேரத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம், ஆட்டிசமா என்று கேட்கிறீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: துணி மாற்றும்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், ‘ங்கா’ என்று பதில் சொல்கிறான். பிறகென்ன? இருபது நிமிடம் அட்டை காட்டினால் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொட்டாவி விடுவது, கையைச் சப்புவது, சுவரைப் பார்ப்பது எல்லாம் ‘போதும்மா’ என்று அவன் சொல்லும் விதம். பேசாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பிப் பார்ப்பான். அப்போது அவன் ‘ங்கா’ என்றால் நீங்களும் ‘ங்கா’ என்று சொல்லிவிட்டு, அவன் முறைக்காகக் காத்திருங்கள். இதைவிடப் பெரிய பாடம் எந்த அட்டையிலும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க வைப்பது மட்டும் தவறாமல் நடக்கட்டும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று விட்டுவிட்டு, நாளுக்கு மொத்தம் அரை மணி நேரம் போதும். உங்கள் நெஞ்சின் மேல் படுத்திருப்பதும் அதில் சேர்த்திதான்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுடையது அதுவல்ல. கைக்குழந்தைக்காரி யாருக்குத்தான் தூக்கம் போதும்? ஆனால் குழந்தை எழுப்புவதால் தூக்கம் கெடுவது வேறு. அவன் அசந்து தூங்கும்போதும் உங்களால் கண்மூட முடியாதது வேறு. இந்த இரண்டாவது வகை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாகவோ மனப்பதற்றமாகவோ இருக்கலாம். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அது தலைகாட்டும். அழுகையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. ஓயாத கவலையாக வரும், ‘நான் சரியான அம்மா இல்லை’ என்ற எண்ணமாக வரும். அரை மணிக்கு ஒன்றாக அட்டவணை போட்டும் நாள் வீணானதாகத் தோன்றுவதும் இதன் வேலையாக இருக்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிறது; தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தாறுமாறானால் படபடப்பும் தூக்கமின்மையும் இதேபோல வரும்.

உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, தூக்கமே இல்லாமல் அசாதாரண சுறுசுறுப்போடு இருந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, இந்த வாரம் என்ற கணக்கு கிடையாது. தனியாக இருக்காமல், அந்த நிமிடமே யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேட்பவர் என்ன நினைப்பாரோ என்று மறைக்க வேண்டாம். மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.

அக்கா வீட்டில் மிஞ்சிய அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பால் கொடுக்கிறீர்கள், குழந்தை பக்கத்திலேயே படுத்திருக்கிறான். மாத்திரை மயக்கத்தில் உங்கள் கை அவன் முகத்தின் மேல் விழுந்தால்கூடத் தெரியாது. மூச்சு நின்றுவிடுமோ என்று விடிய விடியப் பார்த்திருப்பவர் செய்கிற காரியமா இது? அவனைத் தனிப் படுக்கையில், சமதளத்தில், தலையணை இல்லாமல் மல்லாக்கப் போடுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு, வேறு அறையில் நாலைந்து மணி நேரம் படுங்கள். போன் உங்களோடு வர வேண்டாம். குழந்தையைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் அல்லவா, அவர் பார்க்கட்டும்.

அந்த அட்டவணையைக் கிழிக்காதீர்கள். பின்பக்கம் காலியாக இருக்கும். இன்றும் நாளையும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கண் அசந்தீர்கள் என்று அதில் எழுதி, மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.