தாதிப் படிப்புக்கு நகையை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகள் அடுத்த வருடம் உயர்தரம் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதுகிறாள். தாதியாக வர ஆசை. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் நிறுவனம் இரண்டு வருடத் தாதி டிப்ளோமாவுக்கு ஆறரை இலட்சம் கேட்கிறது. இப்போதே 50,000 ரூபா கட்டினால் இடம் உறுதி, முடித்ததும் வெளிநாட்டில் வேலை என்கிறார்கள். நிலையான வைப்பில் நாலு இலட்சம் இருக்கிறது, மூன்று ஏக்கர் வயலும் உண்டு. மீதிக்கு நகையை ஈடு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். அந்த 50,000 ரூபாவையும் இப்போது கட்ட வேண்டாம்.

முதலில் அந்த நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைக் கொண்டு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு செய்யலாமா? அதற்கான அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்." மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறது என்று ஒரு சான்றிதழை எடுத்துக் காட்டுவார்கள். அது நிறுவனம் நடத்துவதற்கான பதிவு. உங்கள் மகளைத் தாதியாக ஏற்றுக்கொள்வதற்கான பதிவு வேறு. பேரவைப் பதிவு இல்லாத டிப்ளோமாவை வைத்துக்கொண்டு தனியார் வைத்தியசாலையில் உதவியாளராகச் சேரலாம், பராமரிப்பாளராகப் போகலாம். அவை நல்ல தொழில்கள்தான். ஆனால் பராமரிப்பாளருக்கான என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டச் சான்றிதழை அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் மிகக் குறைந்த செலவில் எடுக்கலாம். அதற்கு ஆறரை இலட்சம் தேவையில்லை. வெளிநாட்டுக் கதையும் இதே இடத்தில்தான் உடையும். வளைகுடா நாடுகளில் தாதி வேலைக்குப் பொதுவாகச் சொந்த நாட்டுப் பதிவும் அனுபவமும் கேட்பார்கள்.

அரச வழியில் படிப்புக் கட்டணம் கிடையாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. பயிற்சி மூன்று வருடம், மாதாமாதம் கொடுப்பனவும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டமும் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இந்த வழியின் குறை, காலம். பரீட்சை, பெறுபேறு, வர்த்தமானி, நேர்முகத் தேர்வு, பயிற்சி தொடக்கம் என்று ஒரு வருடத்துக்கு மேலே இழுபடும். காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் தனியார் நிறுவனங்கள் உங்களுக்கு விற்கின்றன.

ஆகவே உங்கள் நாலு இலட்சத்துக்கு முதல் வேலை, உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடையச் செய்வது. உயிரியலைப் பிள்ளைகள் எப்படியும் பாடமாக்கி எழுதிவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைகளை விழுத்துவது பெரும்பாலும் இரசாயனவியலும் பௌதிகவியலும். ஒரு பாடம் போனாலே அரச வழி அடைபட்டுப் போகும். 1,50,000 ரூபாவைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, பரீட்சை வரைக்குமான ரியூசன், பஸ் காசு, கடந்தகால வினாத்தாள் என்று ஒதுக்குங்கள். உங்கள் படுவான்கரைப் பக்கமிருந்து டவுனுக்குத் தினமும் போய் வந்து பிள்ளை களைத்துப்போனால், கடைசி ஆறு மாதம் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது வீண்செலவு இல்லை.

அடுத்த 1,00,000 ரூபா வயலுக்கு. இதைத் தொடாதீர்கள். படிப்புக்கென்று உரக்காசை எடுத்துவிட்டு, பிறகு நெல் வியாபாரியிடம் முற்பணம் வாங்குவதுதான் பல குடும்பங்கள் சறுக்கும் இடம். வேளாண்மை வெட்டின அன்றைக்கே ஈரநெல்லை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டி வரும். காயவைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருக்க வழியில்லை. அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வட்டி என்று எழுதப்படுவதில்லை, ஆனால் வட்டியைவிடக் கூட. கிழமைக் கடன், நுண்கடன் பக்கமும் இதற்காகப் போகாதீர்கள். போகத்துக்கு ஒருக்கால் வருமானம் வருகிறவருக்குக் கிழமைத் தவணை பொருந்தாது.

மிச்சம் 1,50,000. இப்போதைய வைப்பு முதிர்ந்ததும் இதை ஒரே வைப்பாக வைக்காமல் 75,000 வீதம் இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று ஆறு மாதம், மற்றது ஒரு வருடம். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றதன் வட்டி குறையாது. வயல் காசை மூன்று மாத வைப்பில் போட்டு, விதைப்புக்கு முன்னர் முதிரும்படி திகதியைப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீத வரி பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். சின்னத் தொகைதான், பஸ் காசுக்கு உதவும்.

நகைக் கணக்கையும் பாருங்கள். ஈட்டு வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்தால் மீதி இரண்டரை இலட்சத்துக்கு வருடம் 35,000 ரூபா. இரண்டு வருடப் படிப்பு, வேலை தேடும் ஒரு வருடம், ஆக மொத்தம் 1,05,000. வாங்கிய முதல் அப்படியே நிற்கும். தவணையில் வட்டி கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

பெறுபேறு வந்தபின் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறவிடாதீர்கள். தகைமை, வயது, உயரம், எந்த வருடப் பரீட்சை என்பதெல்லாம் அதில் இருக்கும். காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலமும் அந்த என்.வி.கியூ. பயிற்சியும் போதும். புள்ளி குறைந்து இரண்டாம் தரம் எழுத வேண்டி வந்தால், பிரித்து வைத்த வைப்புகளில் ஒன்று அதற்கு. அதற்குப் பிறகும் அரச வழி கிடைக்காமல், பேரவை அங்கீகாரமுள்ள தனியார் படிப்புத்தான் மிச்சம் என்றால் அப்போது நகையைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கும் தவணை முறையில் மட்டும் கட்டுங்கள். சீருடை, பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து முழுத் தொகை, எந்த வைத்தியசாலையில் செயல்முறைப் பயிற்சி, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.