செத்தது கவரைத் திறந்த பிறகு

வண்ணமீன் கேள்வி பதில். பதில் தருபவர், சென்னை கொளத்தூரில் 22 ஆண்டுகளாக மீன் பேக்கிங் செய்பவர்.

கேள்வி: சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் பத்து கார்டினல் டெட்ரா வரவழைத்தேன். வந்தபோது எல்லாமே நன்றாக நீந்தின. கவரைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கினேன். மறுநாள் ஏழு செத்துக் கிடந்தன. கடைக்காரர், "பிரேசில் மீன், தாங்காது" என்கிறார். நிஜமா?
- வாசகி, தென்காசி

பதில்: பிரேசில் மீன் என்பது நிஜமாக இருக்கலாம். இதன் சொந்த ஊர் ரியோ நீக்ரோ. இலைதழை ஊறி டிகாஷன் நிறத்தில் ஓடும் ஆறு. பார்சேலோஸ் ஊரைச் சுற்றிப் பிடித்து, மனௌஸ் நகரத்துக்குப் படகில் கொண்டுவந்து, அங்கிருந்து விமானம் ஏற்றுவார்கள். இப்போது பண்ணைகளிலும் வளர்ப்பதால், உங்களுடையது எதுவென்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் "தாங்காது" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தும் உங்கள் மீன்கள் உயிரோடுதானே இருந்தன அம்மா.

பேக்கிங்குக்கு முன் ஒரு நாள் மீனைப் பட்டினி போடுவோம், கழிவு குறையட்டும் என்று. கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன். அப்படியும் அம்மோனியா சேரத்தான் செய்யும். ஆனால் மீன் விடும் கரியமில வாயு மூடிய கவரில் தேங்கி, தண்ணீரை அமிலமாக்கும், அதாவது பி.ஹெச். அளவை இறக்கிவிடும். அந்தத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.ஹெச். ஏறும், விஷம் விழித்துக்கொள்ளும். நீங்கள் சொட்டவிட்ட தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் இன்னும் வேகமாக.

எனக்கு இது தெரியாத காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் கவர்களை மொத்தமாக வெட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் சிவந்துபோய். அன்று செத்ததை நான்தான் வாளியில் அள்ளினேன். இன்னும் மறக்கவில்லை.

அடுத்த முறை கவரைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். அப்புறம் வெட்டி, உடனே வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். தொட்டியில் முன்கூட்டியே மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்து வையுங்கள், கறுப்பாற்று மீனுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. அன்று முழுக்க விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

கேள்வி: என் டேங்க் கிளீனர் மீன் ஒரு அடி வளர்ந்துவிட்டது. ஏரியில் விடலாமா?
- 8-ம் வகுப்பு மாணவன், அம்பத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம்தான். இப்படி விட்டுவிட்டுத்தான் சென்னை ஏரிகளில் அது பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், அதன் முள்ளில் சிக்கி வலை கிழிகிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பார். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.