முப்பது மதிப்பெண் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாத ஆளுமைக் கோளாறான சைக்கோபதி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். குற்றவாளியைச் சோதித்து 40க்கு 30 வந்தால் சைக்கோபாத் என்கிறார்கள். அத்தகையவர் திருந்தவே மாட்டார் என்றால், வாழ்நாள் முழுக்கச் சிறையிலேயே வைத்துவிடலாமே?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வது கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியல். அதன் திருத்திய வடிவம் 1991இல் வெளிவந்தது. இருபது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கைதி உட்கார்ந்து எழுதும் தேர்வல்ல இது. பயிற்சி பெற்ற ஒருவர் கைதியோடு நெடுநேரம் பேசி, அவர் சொன்னதை வழக்குக் கோப்புகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார். கூசாமல் பொய் சொல்வதும் அந்தக் கூறுகளில் ஒன்று என்பதால், பேச்சை மட்டும் நம்ப முடியாது.

ஆனால் மதிப்பெண் போடுகிறவரும் மனிதர்தான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நூறுக்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோப்புகளைக் கொடுத்தார்கள். அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாக நம்பியவர்கள், குற்றவாளித் தரப்புக்காக என்று நம்பியவர்களைவிடக் கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். ஒருவருடைய ஆயுளை இந்த எண்ணிடம் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறுவயது நடத்தைக் கோளாறு, பதின்பருவக் குற்றம் இரண்டும் பட்டியலில் தனித்தனிக் கூறுகள். ஐம்பது வயதில் ஒருவர் எவ்வளவு மாறியிருந்தாலும் அந்த மதிப்பெண் குறையாது. அவருடைய பதினைந்து வயது அப்படியேதான் இருக்கும்.

‘திருந்தவே மாட்டார்’ என்ற நம்பிக்கைக்குப் பெரிதும் காரணமானது 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கனடாவின் ஓக் ரிட்ஜ் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சைக்கோபாத்கள், பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்றது அது. என்ன சிகிச்சை தெரியுமா? ஜன்னலில்லாத அறையில் நாள்கணக்கில் நிர்வாணமாக அடைத்து வைப்பது, எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கொடுப்பது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இப்படி நடத்தப்பட்டவர்கள் திருந்தவில்லை என்பதை வைத்து யாருமே திருந்த மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா என்ற இடத்தில், 1995 முதல் கடும் வன்முறையில் இறங்கிய சிறுவர்களுக்குத் தீவிர சிகிச்சை அளிக்கிறார்கள். சைக்கோபதியின் குணங்கள் அதிகமுள்ள சிறுவர்களும் அவர்களில் உண்டு. அங்கிருந்து வெளியே போனவர்கள், வழக்கமான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து போனவர்களைவிடக் குறைவாகவே வன்முறைக்குத் திரும்பினார்கள்.