பஞ்சசீலா எங்கே எழுதியிருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நம் அரசமைப்பின் முகவுரையில் 'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற சொற்கள் இருக்கலாமா என்று வகுப்பில் பெரிய சண்டை. இந்தோனேசியா நேருவின் பஞ்சசீலத்தை அரசமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறதே, நாமும் நம் சித்தாந்தத்தைத் தெளிவாக எழுதிவிட்டால் என்ன? அடுத்த வாரம் நான் இதைப்பற்றிப் பேச வேண்டும்.

க.

அன்புள்ள க.,

இதற்காகச் சண்டை போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே சந்தோஷம். ஆனால் மேடை ஏறும் முன் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். நேருவின் பஞ்சசீலம் 1954இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தில் வந்தது. நாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பழக வேண்டும் என்பது அது. இந்தோனேசியாவின் பஞ்சசீலா வேறு; அது அந்த நாட்டின் அடிப்படைக் கொள்கை ஐந்து. அதன் முதல் அதிபரான சுகர்னோ அதை 1945 ஜூன் 1 அன்றே பேசிவிட்டார். சட்டம் படிப்பவர் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முகவுரைச் சொற்களை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. அதில் பொழுதைக் கழிக்காதீர்கள்.

என்னை எழுத வைத்தது 'எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக' என்ற உங்கள் வரிதான். இந்தோனேசிய அரசமைப்பைத் திறந்து பார்த்தீர்களா? முகவுரையின் நான்காம் பத்தியில் ஐந்து கொள்கைகளும் இருக்கின்றன: ஒரே இறைவன், பண்பட்ட மனிதநேயம், இந்தோனேசிய ஒற்றுமை, கலந்தாய்ந்து நடக்கும் மக்களாட்சி, எல்லோருக்கும் சமூகநீதி. 'பஞ்சசீலா' என்ற சொல் அங்கே கிடையாது. பிரிவுகளில் தேடினால் 36ஏ-இல் தேசியச் சின்னத்தின் பெயராக, 'கருட பஞ்சசீலா' என்று வரும். அதுவும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது.

அந்தப் பத்தி எல்லோரையும் உள்ளே விட்டது. அதன் 1945 ஜூன் 22 வரைவில், இஸ்லாமியர் ஷரியத்தைக் கடைப்பிடிக்கும் கடமை என்ற பொருளில் ஏழு சொற்கள் இருந்தன. சுதந்திரம் அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 18 அன்று, அவற்றை எடுத்துவிட்டார்கள். கிழக்குத் தீவுகளின் கிறித்தவர்கள் பிரிந்துவிடக் கூடாதே என்ற கவலை, சுகர்னோவோடு சேர்ந்து சுதந்திரத்தை அறிவித்த ஹட்டாவுக்கு. மிஞ்சிய வரியை அவரவர் தம் வழியில் வாசித்துக்கொள்ள முடிந்தது.

கழுத்தில் சுருக்கு விழுந்தது 1985இல். கவனியுங்கள், அந்த ஆண்டு அரசமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சாதாரணச் சட்டங்கள் இரண்டு வந்தன: கட்சிகளுக்கு 3ஆம் எண், சங்கங்களுக்கு 8ஆம் எண். ஒவ்வொரு அமைப்பும் 'எங்கள் ஒரே அடிப்படை பஞ்சசீலா' என்று தன் விதிநூலில் எழுத வேண்டும். சங்கங்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. பொதுக்குழுவைக் கூட்டு, 'எங்கள் அடிப்படை இஸ்லாம்' என்ற வரியை அடி, புதிய வரியை எழுது. இல்லையென்றால் கலைப்பு. இஸ்லாமியக் கட்சியான ஐக்கிய வளர்ச்சிக் கட்சி, மெக்காவின் காபா ஆலயம் பொறித்த தன் சின்னத்தை விட்டு நட்சத்திரத்துக்கு மாறியது. முஸ்லிம் மாணவர் சங்கம் ஒன்று இரண்டாக உடைந்தது. இன்னொன்று எழுத மறுத்து 1987இல் தடைசெய்யப்பட்டது. அப்போதைய அதிபர் சுகார்த்தோ தன்னை விமர்சிப்பதையே பஞ்சசீலாவை விமர்சிப்பதாக எடுத்துக்கொள்கிறார் என்று ஐம்பது பேர், அவர்களில் ஓய்வுபெற்ற தளபதிகளும் உண்டு, 1980லேயே கையெழுத்திட்டுச் சொன்னார்கள். கேட்பாரில்லை. இதுவா நிம்மதி?

முகவுரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. சித்தாந்தம் ஆளைப் பிடிப்பது விதிநூலில், பதிவு விண்ணப்பத்தில், உறுதிமொழித் தாளில். அங்கே தேடுங்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1948 நவம்பர் 15 அன்று, அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில், உறுப்பினர் கே.டி. ஷா 'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற சொற்களை முதல் பிரிவில் சேர்க்கச் சொன்னார். சமூக அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவுசெய்யட்டும், இப்போதே கட்டிப்போட்டால் ஜனநாயகம் அழியும் என்று அம்பேத்கர் மறுத்தார். 1976இல், நெருக்கடி நிலையில், 42ஆம் திருத்தம் அவற்றை முகவுரையில் சேர்த்தது. வகுப்பில் எல்லோரும் இங்கே நின்றுவிடுகிறார்கள்.

மேலே போங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, 1989 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளது. கட்சி தொடங்கிய முப்பது நாளுக்குள் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசமைப்பிடமும் 'சமதர்மம், சமயச்சார்பின்மை, ஜனநாயகம்' ஆகிய கொள்கைகளிடமும் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்போம் என்ற வாசகம் கட்சி விதியில் இருந்தாக வேண்டும். தனியார்மயமே தன் கொள்கை என்று ஒருவர் நேர்மையாகக் கட்சி தொடங்கினாலும் 'சமதர்மத்தில் பற்றுண்டு' என்று எழுதாமல் பதிவு கிடைக்காது. ஒருமுறை கொடுத்த பதிவைப் பொதுவாக ஆணையம் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. விலக்காகச் சொன்ன சிலவற்றில் ஒன்று, கட்சி இந்த வாசகத்தைத் தன் விதியிலிருந்து நீக்குவது.

கொள்கைக்கு எதிரானவனைப் பொய் எழுத வைக்கும் வேலை இது. எனக்கு இது பொறுக்கவில்லை. சமதர்மம், சமயச்சார்பின்மை என்ற இரண்டு கொள்கைகளையும் நேசிப்பவன் என்பதால்தான் பொறுக்கவில்லை.

உங்கள் வகுப்பில் ஒருவராவது 29ஏ என்று வாய் திறந்தாரா? இரண்டு சொற்களையும் முகவுரையிலிருந்து நாளைக்கே எடுத்தாலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கும். முகவுரையைத் தொடாமலே இதை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்