பையன் மொபைல் சர்வீஸ் கத்துக்கணும்னு சொல்றானா? சேக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

அக்கா, மொதல்ல பயப்படாதீங்க. பிளஸ் டூ முடிச்சுட்டு மொபைல் சர்வீஸ் தான் கத்துக்குவேன்னு உங்க பையன் நிக்கிறது ஒண்ணும் கெட்டுப்போற வழி இல்ல, எங்க சேத்து விடுறீங்கங்கறதுல தான் விஷயமே இருக்கு.

டிஸ்ப்ளே பேட்டரி மாத்த எல்லா தெருவுலயும் ஆள் இருக்கு, சாஃப்ட்வேர் வேலைய தெளிவா பண்றவங்க கம்மி. லோகோலயே நிக்குது, பேட்டர்ன் மறந்துடுச்சு, ரீசெட் பண்ணா பழைய ஜிமெயில் கேக்குதுன்னு தான் வருவாங்க. அந்த ஜிமெயில் கேக்குறது எஃப்ஆர்பி லாக், 2015ல ஆண்ட்ராய்டு 5.1ல வந்தது, திருடுனவன் கைல போன் உபயோகப்படக்கூடாதுன்னு வச்சது. அதனால அன்லாக் பண்ண தெரியறது பாதி தொழில் தான், யாரோட போன்னு பாக்குறது மீதி பாதி. பில்லு, பாக்ஸ்ல இருக்குற ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்), ஆளோட ஐடி மூணும் வாங்கிக்கணும், கேஒய்எம்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஸ்பேஸ் விட்டு ஐஎம்இஐ போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புனா அது பிளாக் ஆன போனான்னு தெரிஞ்சிடும். இத சொல்லித்தராத எடத்துல சேக்காதீங்க.

சில எடத்துல கிராக் பண்ண டூல, அதாவது திருட்டு காப்பி சாஃப்ட்வேர குடுத்து, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு, இந்த பட்டன அமுக்குன்னு மட்டும் சொல்லிக்குடுக்குறாங்க, எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. மீடியாடெக் சிப் இருக்குற போன எஸ்பி ஃப்ளாஷ் டூல்ங்கற சாஃப்ட்வேர் வச்சு ஃப்ளாஷ் பண்ணும்போது, அதாவது போனோட சாஃப்ட்வேர திரும்ப ஏத்தும்போது, டவுன்லோட் ஒன்லி குடுக்க வேண்டிய எடத்துல ஃபார்மட் ஆல் குடுத்துட்டா ஐஎம்இஐ பதிஞ்சிருக்குற என்விராம்ங்கற பகுதி அழிஞ்சு அந்த நம்பரும் போயிடும், போன் ஆன் ஆகும் ஆனா டவர் எடுக்காது. அந்த நேரத்துல வேற நம்பர ஏத்தி குடுத்துடலாம்னு தோணும். அங்க தான் பசங்க மாட்டுறாங்க, ஏன்னா ஐஎம்இஐ மாத்துனா 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். மொதல்லயே என்விராம் பேக்கப் எடுத்து வச்சிருந்தா இந்த நெலமையே வராது.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி பையன ஒரு கிளாஸ் உக்காந்து பாக்க விடுங்க, ஃப்ளாஷ் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பேக்கப் எடுப்பீங்கன்னு அவனே வாத்தியார்கிட்ட கேக்கட்டும். பதில் சொல்லாம மழுப்புனா வேற எடம் பாருங்க, நானும் விசாரிச்சு சொல்றேன்.