புகைப்படக் கலைஞர்கள் தொடக்கத்தில் சக கலைஞர்களையே அதிகம் படம் எடுப்பது ஏன்?

காசு கேட்காமல் உட்காருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் வேறு: படத்தில் என்ன குறை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியும்.

பாரிஸில் நதார் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்து 1850-களில் கேமராவுக்கு வந்தவர். கவிஞர் போத்லேர் அவருக்கு நண்பர். அந்த நட்பு படத்தில் தெரிகிறது. சாரா பெர்னார் நடிகையாகப் பேரெடுக்கும் முன்பே, 1864 வாக்கில், ஒரு துணியைப் போர்த்தி உட்காரவைத்து எடுத்திருக்கிறார்.

நான் 1993-இல் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். நாள் முழுக்க ஐசி (அடையாள அட்டை) படம், சனி ஞாயிறு கல்யாணம். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தப்பு மேளம் அடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவார். திருவிழா, சாவு என்றால் தப்போடு வந்து நிற்பார். அடிக்கும்போது எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அதை எல்லாரும் பாக்குறாங்க தம்பி, காய்ச்சும்போது வா" என்றார்.

காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றினார். அந்தத் தீ வெளிச்சம் மட்டும்தான். வெளிச்சம் போதாததால் 400 வேகப் பிலிமைக் கேமராவில் 1600 என்று வைத்து, முப்பதில் ஒரு நொடியில், மூச்சை அடக்கி எடுத்தேன். பிலிமைக் கழுவுவது அதைவிடப் பாடு. படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28-க்கு இறங்காது. ஐஸ் வாங்கிப் பையில் கட்டி வாளியில் போட்டுக் குளிரவைத்தேன்.

முகம் அற்புதமாக விழுந்திருந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் விரல் எங்க?" என்றார். தோலைத் தட்டிச் சூடு பார்க்கும் விரல்களை ஓரத்தில் வெட்டியிருந்தேன். ஐசி படம் எடுத்து எடுத்து என் கண் முகத்தோடு நின்றுபோயிருந்தது. கல்யாண வீட்டில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி போய், விரலையும் தோலையும் சேர்த்து எடுத்தேன். அதைத்தான் வீட்டில் மாட்டினார்.

பிறகு பெயர்ப்பலகை எழுதுபவர், கோயில் நாதஸ்வரக்காரர் என்று ஒவ்வொருவராக எடுத்தேன். அந்த லயம் இப்போது இல்லை, செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. திருவிழா நாடகத்துக்கு ஒப்பனை போடும் அண்ணனின் படம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. அவர் கண்ணாடியைப் பார்க்கிறாரே தவிர என்னைப் பார்ப்பதில்லை. இந்த வருடத் திருவிழாவுக்கும் போகிறேன்.