மாமியாரைப் பார்த்த மூன்று வருடம்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் அம்மாவின் கடைசி வருடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகள் போனில் வாசித்துக் காட்டினாள். அதில் வருகிற, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வந்த அக்காவின் வேலையைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு 41 வயது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கிராமம். பத்தாவது படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை மூன்று வருடம் பார்த்தேன், போன தையில் அவரும் போய்விட்டார். மகள் ப்ளஸ் டூ. சென்னையில் பேஷண்ட் பார்க்கிற வேலைக்குப் போனால் மாதம் 20,000 வரும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். ஏஜென்சியில் பதிவு செய்ய 3,000 ரூபாயும் பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலும் கேட்கிறார்கள். போகலாமா? மாமியாரைப் பார்த்ததை எல்லாம் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

ச., உளுந்தூர்பேட்டை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். மூன்று வருடத்தில் உங்கள் மாமியாருக்கு முதுகில் புண் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வரவில்லை என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்திருக்கிறீர்கள், ராத்திரியிலும் எழுந்து ஈரத்துணி மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

என் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது ஏஜென்சி அனுப்பிய முதல் பெண்ணிடம் சான்றிதழ் இருந்தது. நாலாம் நாள் அம்மாவைப் படுத்தவாக்கில் வைத்தே மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினார். புரையேறி அம்மா நீலம் பாய்ந்துவிட்டார். அடுத்து வந்த அக்கா எட்டாவது படித்தவர். தலைமாட்டை உயர்த்தித்தான் ஊற்றுவார், ஊற்றியபின் அரைமணி நேரம் சாய்த்தே வைத்திருப்பார். யூரின் பேகை இடம் மாற்றும்போது இடுப்புக்கு மேலே தூக்கமாட்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “எங்க மாமனாருகிட்டதான்” என்றார்.

ஆனால் வாசலில் நிற்கும்போது வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. “மூணு வருஷம் ஸ்ட்ரோக் பேஷண்ட் பார்த்திருக்கேன், படுக்கைப் புண் வரவிடல” என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தால், பேரப்பிள்ளை டிபன் பாக்ஸ் வரைக்கும் உங்கள் தலையில் விழும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் வேண்டாம். ஊசி போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அது பதிவு பெற்ற நர்சின் வேலை, ஏதாவது ஆனால் பழி உங்கள் மேல்தான் வரும். சான்றிதழும் இருந்தால் நல்லது என்று தோன்றினால், ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சரி, அந்த 3,000 ரூபாய். கொடுக்காதீர்கள். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தால் பிடிக்காத வீட்டிலிருந்து உங்களால் கிளம்ப முடியாது. கிளாம்பாக்கத்தில் இறங்குங்கள், ஆள் வந்து கூட்டிப்போகும் என்பார்கள். அலுவலக முகவரி கையில் இல்லாமல் பஸ் ஏறவேண்டாம்.

20,000 கணக்கையும் பார்த்துவிடுவோம். நாங்கள் ஏஜென்சிக்கு ஒரு நாளைக்கு 850 ரூபாய் கொடுத்தோம். அக்கா கைக்குப் போனது 550. இது அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல, சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார். ஆகவே சம்பளம் எவ்வளவு என்று பொதுவாகக் கேட்காமல், என் கைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்று வைத்தது. அந்தப் பழைய கூலியையே 24 மணி நேரத்துக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 888 ரூபாய் வருகிறது. பேஷண்ட் வீட்டிலேயே இரவும் பகலும் தங்கிப் பார்ப்பதை ஸ்டே டூட்டி என்கிறார்களே, அதில் ராத்திரியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தூங்கத்தானே செய்கிறார் என்பார்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்பது உங்களுக்கும் அந்தக் கிழவிக்கும் மட்டும்தான் தெரியும்.

தூங்குவது என்றதும் ஒன்று சொல்லவேண்டும், முன்பு எழுதியபோது இதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த அக்கா எங்கே படுத்தார் என்பதை நான் நாலு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு நாள் விடிகாலையில் பாத்ரூம் போக எழுந்தவன் அவர் காலை மிதித்துவிட்டேன். அம்மா அறையில் கட்டில், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் போக இடமில்லை, பாத்ரூம் வாசலில் பாய் விரித்திருந்தார். மறுநாளே ஒரு கட்டில் வாங்கிப் போட்டோம். கேட்டிருந்தால் முதல் நாளே வாங்கியிருப்போம் என்று மனைவி சொன்னாள். கேட்கும் இடத்திலா அவர் இருந்தார்? நீங்கள் கேளுங்கள். எங்கே படுப்பேன், துணிமணி எங்கே வைப்பேன், வாரத்தில் எந்த நாள் லீவு, அன்றைக்கு மாற்று ஆள் யார்? முதல் நாள் காபி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் வாய் வராது.

இன்னொன்றுக்கும் வாய் வராது. இந்த வேலை பேஷண்ட் இறந்த அன்றைக்கு முடிந்துவிடும். அம்மா போனது ஒரு மாதத்தின் 19-ம் தேதி. வீடு நிறைய ஜனம். அக்கா பையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மதியம் வரைக்கும் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இழவு வீட்டில் 19 நாள் சம்பளத்தை யார் போய்க் கேட்பது? ஏஜென்சி கொடுக்கும் என்று நாங்கள் இருந்தோம், நீங்கள் கொடுத்திருப்பீர்கள் என்று ஏஜென்சி இருந்தது. கடைசியில் நாங்கள்தான் கொடுத்தோம், மூன்று வாரம் கழித்து. முடிந்தால் வாரக் கணக்கில் வாங்கிவிடுங்கள்.

வீட்டு ஆண்களால் தொந்தரவு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீட்டுப் பணியாளரும் வருகிறார், அந்த வீடே உங்கள் பணியிடம். புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு எடுக்கும். அவசரத்துக்கு 181-ஐ அழையுங்கள். வேலையில் சேர்ந்ததும் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2007-லிருந்து தமிழ்நாட்டில் அது இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. உங்கள் மகளுக்காகவாவது ஒரு நாள் அலையலாம்.

ஏஜென்சி இல்லாமலும் வேலை கிடைக்கும். பேஷண்டை டிஸ்சார்ஜ் செய்கிற அன்றைக்குத்தான் வீட்டுக்காரர்களுக்கு ஆள் வேண்டும் என்று உறைக்கும். அவர்கள் முதலில் கேட்பது வார்டு ஆயாவிடம், அப்புறம் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம். மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு பக்கமெல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா இங்கே தனியாக. அங்கே நல்ல பெயர் எடுத்த ஒருவருக்கு அடுத்த வீடு தானாக வரும். முதல் வீட்டுக்குத்தான் ஏஜென்சி தேவைப்படும்.

போகலாமா என்று கேட்டீர்கள். மகளின் பரீட்சை முடியட்டும், அதுவரை வேண்டாம். அக்காவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். இப்போது அண்ணா நகரில் ஒரு வீட்டில் இருக்கிறார். அவர் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். இரவு எட்டரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் பேஷண்டுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருப்பாராம்.